பேய் இல்லாத படங்களில் என்னை மிரள வைத்த காட்சிகள்

பேய்ப்படம் அல்லாத படங்களில் உங்களை அதிகம் பயமுறுத்திய காட்சி எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்று படங்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதனால் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலாவது, கோயன் சகோதரர்கள் 2007-இல் எடுத்த ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்’. டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்க். பட்டப்பகல். கொலைகாரன் ஆன்டன் சிகர் (ஹாவியர் பார்டெம்) வண்டிக்கு பெட்ரோல் போட்டுவிட்டுக் காசு கொடுக்க உள்ளே வருகிறான். கல்லாவில் இருக்கும் வயசானவர் நம்பர் பிளேட்டைப் பார்த்து, உங்கள் பக்கம் மழை உண்டா என்று சும்மா பேச்சுக்குக் கேட்கிறார். நான் எந்த ஊராயிருந்தால் உனக்கென்ன என்று திருப்பிக் கேட்கிறான் சிகர். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த மனிதரால் அந்தப் பேச்சிலிருந்து வெளியே வரவே முடியவில்லை.

கடையைச் சாத்த வேண்டும் என்று சொல்லிப் பார்க்கிறார். எத்தனை மணிக்குச் சாத்துவாய்? இருட்டுகிற நேரத்துக்கு. எத்தனை மணிக்குப் படுப்பாய்? ஒன்பதரை வாக்கில். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றைப் பிசையும். ஐயோ, அதையெல்லாம் ஏன் சொல்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல இருக்கும். ஆனால் கேட்டால் பதில் சொல்வதுதானே வழக்கம், அவரும் சொல்கிறார். நடுவில் சிகர் கொறித்து முடித்த முந்திரிப் பாக்கெட்டைக் கசக்கி மேஜைமேல் வைக்கிறான். அது கரகரவென்று மெதுவாகத் தானே விரிகிறது. கேமராவும் அசையாமல் அதையே பார்க்கிறது. பின்னணியில் இசை என்று எதுவும் காதில் விழாது. அப்புறம் நாணயத்தைச் சுண்டி, தலையா பூவா சொல் என்கிறான். எதற்குப் பந்தயம் என்று கடைக்காரருக்குச் சொல்லப்படவே இல்லை. பந்தயம் தன் உயிர்தான் என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவர் நிற்கிற அந்த முகத்தை எந்தப் பேய் மேக்கப்பாலும் கொண்டுவர முடியாது. அவர் ஜெயித்துவிடுகிறார், ஒரு துளி ரத்தம் கிடையாது.

அதே 2007-இல் வந்த டேவிட் ஃபின்ச்சரின் ‘ஸோடியாக்’. கொலைகாரனைத் தேடி அலையும் ராபர்ட் கிரேஸ்மித் (ஜேக் ஜில்லென்ஹால்) ஒரு மழை இரவில், பழைய சினிமா தியேட்டரோடு தொடர்புள்ள ஒருவரின் வீட்டுக்கு வருகிறார். கொலைகாரனுடையது என்று அவர் நம்பும் கையெழுத்து ஒரு சினிமா போஸ்டரில் இருக்கிறது. அது என் கையெழுத்து என்று அந்த வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, நிலவறைக்குப் போகலாம் வாங்க என்கிறார். உடனே ஓடியிருக்க வேண்டாமா? ஓட மாட்டார். பின்னாலேயே படியிறங்குவார். கீழே நிற்கும்போது மேலே மரத்தரையில் காலடிச் சத்தம் கேட்கும். கடைசியில் ஒன்றும் நடக்காது, கதவைத் திறந்து அனுப்பிவிடுவார். அந்த வீட்டுக்காரராக நடித்த சார்ல்ஸ் ஃப்ளைஷர்தான் 1988-இல் கார்ட்டூன் முயல் ரோஜர் ராபிட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்று பிறகு தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

இந்த இரண்டையும்விட என்னை அதிகம் ஆட்டிவைத்தது மாரி செல்வராஜின் முதல் படம் ‘பரியேறும் பெருமாள்’ (2018). அதில் கராத்தே வெங்கடேசன் நடித்த மேஸ்திரித் தாத்தா. நரைத்த தலை, அலட்டல் இல்லாத நடை. திருநெல்வேலிப் பக்கம் எந்த பஸ் ஸ்டாப்பிலும் பார்க்கக்கூடிய ஆள். இவர் ஆணவக் கொலைகளைச் செய்து, விபத்தாகவும் தற்கொலையாகவும் காட்டிவிடுகிறார். காசுக்காகச் செய்யவில்லை, குலசாமிக்குச் செய்கிற தொண்டாக நினைக்கிறார். ஆத்திரமில்லை, அவசரமில்லை. கொத்துவேலை பார்ப்பதுபோல ஒரு வேலை.

செத்தவர்களுக்குக் கடைசி நிமிஷம் வரை சந்தேகமே வந்திருக்காது. பெரியவர் பக்கத்தில் வந்து நின்றால் நகர்ந்து இடம் கொடுப்போம், தாத்தா என்று பேசுவோம். அப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் அவர்களும். அந்த மரியாதையைத்தான் அவர் பயன்படுத்திக்கொள்கிறார். பேய் வந்தால் தலைதெறிக்க ஓடலாம், யாரும் தப்பு சொல்லப் போவதில்லை. ஒரு பெரியவரைப் பார்த்து எப்படி ஓடுவது? பெட்ரோல் பங்க் கடைக்காரரும் நிலவறைக்கு இறங்கிய கிரேஸ்மித்தும் மாட்டிக்கொண்டது இதே மரியாதையில்தான். ஆனால் அந்த இரண்டு பேரும் உயிரோடு தப்பித்தார்கள். இங்கே தப்பிக்கவில்லை, ஊரும் விபத்து என்று நம்பிக் கடந்துபோகிறது. அவர் கதாநாயகன் பரியனைத் தண்டவாளத்தில் கிடத்தும்போது, படத்தின் ஆரம்பத்தில் அதேபோலத் தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட அவனுடைய கருப்பி நாய் நினைவுக்கு வரும். எனக்கு மூச்சு முட்டியது.

‘மகாநதி’யில் மீட்டு வரப்பட்ட மகள் தூக்கத்தில் பிதற்றும் காட்சியைப் பலர் சொல்வார்கள். அது பயமா, தாங்க முடியாத துக்கமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை, அதனால் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. மறுபடி பார்க்கவும் மாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் ‘பரியேறும் பெருமாள்’ பாருங்கள். தாத்தா முதன்முதலில் வரும் காட்சியில் அவர் கண்ணை மட்டும் கவனியுங்கள்.