எந்த அடுப்பு என்னுடையது?

அன்புள்ள அக்காவுக்கு,
தேவகோட்டையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 14 வருஷமாக நகைக்கடன் பார்த்து வந்தேன். சித்திரையில் எங்கள் கிளையைக் காரைக்குடிக் கிளையோடு சேர்த்துவிட்டார்கள். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு வேலை போனது. எனக்குச் சம்பளம் குறையவில்லை. பதவியின் பெயர்தான் நீளமாகிவிட்டது. புது மேலாளர் மதுரையில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நகையை உரைத்துப் பார்த்து எவ்வளவு தரலாம் என்று நானே சொன்ன காலம் போய், படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். காலையில் பஸ் ஏறும்போதே அலுத்துப்போகிறது. பழைய ஆர்வம் திரும்புமா?
- வாசகி, தேவகோட்டை

திரும்பும். ஆனால் அதைத் தேடி உற்சாகப் பேச்சு வீடியோக்களுக்குள் போய்விடாதீர்கள். "1942-இல் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள், உனக்கு இது ஒரு கஷ்டமா?" என்று யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பட்டது உண்மைதான். அதற்காக உங்கள் அலுப்பு பொய்யாகிவிடாது.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் வேறு வைக்கிற வழக்கம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அந்தத் தம்பதியை வேறு வைத்துவிடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய அதே வளவு. அடுப்பு மட்டும் தனி, வருஷச் செலவுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. ஒரே கூரையின் கீழ் நான்கு புள்ளி, அதாவது நான்கு தம்பதிகளின் குடும்பம், இருந்தாலும் எந்த அறைச் சாவி யாரிடம் என்பதில் குழப்பம் வராது. உங்கள் நிறுவனம் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறது. இரண்டு வீட்டை ஒன்றாக்கிவிட்டு, யாருக்கு எந்த அடுப்பு என்று சொல்லாமல் விட்டுவிட்டது. உங்களிடம் இப்போது இல்லாதது ஆர்வம் என்று எனக்குத் தோன்றவில்லை. 'இது என் வேலை' என்று கைவைத்துச் சொல்ல ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பத்திரிகையிலும் இரண்டு பதிப்புகளை ஒன்றாக்கினார்கள். ஜன்னலோரம் இருந்த என் மேஜை ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் போனது. பழைய மேஜையின் டிராயர் சாவியை ஆறு மாதம் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நான் வைக்கிற தலைப்பை இரண்டு பேர் மாற்றுவார்கள். அதில் யார் சொல்வது முடிவு என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பொறுக்காமல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "ஐந்தாம் பக்கம் உங்களுடையது, அதில் நான் கைவைக்க மாட்டேன்" என்றார். ஒரே ஒரு பக்கம்தான். அன்று சாயங்காலம் ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

நீங்களும் கேளுங்கள். சின்னவரிடம் போய்க் கேட்பதா என்று தோன்றும். உங்கள் கிளையில் நேற்றுவரை யார் என்ன செய்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது, பாவம். எந்த முடிவை யாரையும் கேட்காமல் நான் எடுக்கலாம், மாதக் கடைசியில் என் வேலையில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், எதை நிறுத்தலாம் என்றும் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. இரண்டு கிளையைச் சேர்க்கும்போது பழைய ரிப்போர்ட்டும் போகாது, புது ரிப்போர்ட்டும் வந்து உட்காரும். ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதுகிறவருக்கு அலுப்பு வராமல் என்ன வரும்?

வெறுங்கையோடு போகாதீர்கள். அட்டிகைக்குள் அரக்கு எவ்வளவு இருக்கும், கல்லுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த நகையை, அறுவடைப் பணம் வந்ததும் தை, மாசியில் மீட்கிற வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். ஏல நோட்டீஸ் போவதற்கு முன்னால் யாருக்கு ஒரு போன் போட்டால் போதும் என்பதும் தெரியும். அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், "இந்த வேலையை எனக்குக் கொடுங்கள்" என்று கேளுங்கள். சும்மா குறை சொன்னால் தலையாட்டுவார். தாளைக் கையில் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

தை வரைக்கும் பாருங்கள். அதற்குள் ஒன்றும் நகரவில்லை என்றால் வேறு இடம் தேடுவதில் தப்பில்லை. 14 வருஷம் நகை உரைத்த கைக்கு வேலை கிடைக்கும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மட்டும் தைக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வேலை போன மூன்று பேரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் உங்கள் சம்பளத்துக்குப் போய்விட்டீர்கள். அவர்களிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுக்காவது போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மதுரைக்கு அதற்கப்புறம் போகலாம்.