வில்லன் கேட்ட கேள்வி

கேள்வி: கோட்டு சூட்டு, வேகமான கார், வெளிநாட்டு லொகேஷன், நாலு சண்டை. ஜேம்ஸ்பாண்ட் மாதிரியான உளவாளிப் படங்களில் இதைத் தவிர என்ன இருக்கிறது? வெறும் பகட்டை அறுபது வருடமாக உலகமே ரசிக்கிறது. நீங்களும் அவ்வப்போது புகழ்ந்து எழுதுகிறீர்களே?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியை 1963-லேயே ஒருவன் கேட்டுவிட்டான். அதுவும் ஜேம்ஸ்பாண்டிடமே, கையில் துப்பாக்கியோடு.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தைச் சொல்கிறேன். இஸ்தான்புல்லில் இருந்து கிளம்பும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில். பிரிட்டிஷ் உளவாளி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஏறுகிறான். உண்மையில் அவன் பாண்டைக் கொல்ல வந்த ரெட் கிராண்ட். நடித்தவர் ராபர்ட் ஷா. ரயிலின் சாப்பாட்டுக் கூடத்தில் இருவரும் சேர்ந்து சாப்பிட உட்காருகிறார்கள். மீன் கேட்டவன், கூடவே சிவப்பு ஒயினும் கொண்டுவரச் சொல்கிறான். மீனோடு வெள்ளை ஒயின் குடிப்பதுதான் மேல்நாட்டு வழக்கம். பாண்ட் கவனிக்கிறான், பேசாமல் விட்டுவிடுகிறான். அடுத்த சில நிமிடங்களில் அடிபட்டுத் தரையில் மண்டியிட்டுக் கிடக்கிறான். மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்கிறான். அதற்குக் கிராண்ட் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: எந்த ஒயின் சரி என்று உனக்குத் தெரியலாம், ஆனால் மண்டியிட்டிருப்பது நீதான்.

நீங்கள் 'பகட்டு' என்கிறீர்களே, அதைத்தான் அவனும் சொல்கிறான். படம் இந்தக் கேள்வியை ஒளித்துவைக்கவில்லை. கதாநாயகனை முழங்காலில் நிறுத்தி வைத்துக் கேட்க விடுகிறது.

சரி, பாண்ட் எப்படித் தப்பிக்கிறான்? இங்கேதான் நான் மயங்கிய இடம் இருக்கிறது. படத்தின் முன்பகுதியில், லண்டன் அலுவலகத்தில் அவனுக்கு ஒரு கறுப்புக் கைப்பெட்டி கொடுக்கிறார்கள். உள்ளே 50 தங்க சவரன், ஒரு கத்தி, அப்புறம் முகப்பவுடர் டப்பா மாதிரி ஒரு கண்ணீர்ப்புகைக் குப்பி. தாழ்ப்பாளை முதலில் படுக்கைவாட்டில் திருப்பிவிட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் குப்பி மூஞ்சியிலேயே வெடிக்கும் என்று, கருவிகள் கொடுக்கும் அதிகாரியாக நடித்த டெஸ்மண்ட் லூவலின் நிதானமாகச் செய்து காட்டுகிறார். அப்போது அது ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். ரயிலில் பாண்ட் தங்கத்தைக் காட்டி ஆசை மூட்டுகிறான். கிராண்ட் யார் பெயரில் ஏறினானோ அந்த நிஜ உளவாளியிடமும் இதே மாதிரி பெட்டி உண்டு. அதிலும் தங்கம் இருக்குமா என்று கிராண்ட் கேட்கிறான். பாண்ட் அதைத் திறக்கப் போக, சந்தேகப்பட்டுத் தடுத்துவிட்டுத் தானே திறக்கிறான். தாழ்ப்பாளின் மேல் அவன் விரல் போகும்போது அரங்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அடுத்து என்ன ஆகும் என்று தெரியும். அந்த அறையிலேயே தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

அப்புறம் சண்டை. இரண்டு பேர் நிற்கவே இடமில்லாத ரயில் அறை. விளக்கு உடைகிறது, நீல வெளிச்சம் மட்டும் மிச்சம். பின்னணி இசை கிடையாது. ரயிலின் தடதடப்பும் மூச்சிரைப்பும்தான். எடிட்டர் பீட்டர் ஹன்ட் வேகமாக வெட்டி வெட்டிப் போகிறார், ஆனால் யார் எங்கே இருக்கிறார், யார் கை யார் கழுத்தில் என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. பெட்டியில் ஒளித்திருந்த கத்தி வெளியே வருகிறது. கிராண்டின் கைக்கடிகாரத்தில் கழுத்தை நெரிக்கும் கம்பி உண்டு. படத்தின் முதல் காட்சியிலேயே அதைக் காட்டிவிட்டார்கள். அதே கம்பியில்தான் அவன் கதை முடிகிறது. எல்லாம் ஓய்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே பாண்ட் தன் டையைச் சரிசெய்துகொள்கிறான்.

அந்த டையை நீங்கள் பகட்டு என்கிறீர்கள். நான் மிடுக்கு என்பேன். செத்துப் பிழைத்தவன் தன்னைத் தானே பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி அது. நடுங்கும் கை எதையாவது பிடித்தாக வேண்டும்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாண்டாக நடித்த ஷான் கானரி எடின்பரோவில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன். வீடு வீடாகப் பால் போட்ட இளைஞர். இயக்குநர் டெரன்ஸ் யங், தனக்கு உடை தைக்கும் ஆண்டனி சின்க்ளேர் என்ற லண்டன் தையல்காரரிடம் அவரை அழைத்துப்போனார். சூட்டைப் போட்டுக்கொண்டே தூங்கிப் பழகச் சொன்னார் என்று ஒரு கதையும் உண்டு. நம் கல்யாண ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையைப் பாருங்கள், நிமிடத்துக்கு ஒருதரம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். கானரி ஒரு தடவைகூட அப்படிச் செய்வதில்லை. உடம்போடு பிறந்த தோல் மாதிரி அதை மறந்துவிட்டு நடக்கிறார். பால்காரப் பையன் அதைக் கற்றுக்கொண்டு வந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். இதற்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது ஐயா.

இந்தப் படங்களில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. 1962 ஆகஸ்ட் 6-ம் தேதி ஜமைக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஜமைக்காவில் நடக்கும் முதல் பாண்ட் படம் வெளிவந்தது அதே ஆண்டு அக்டோபரில். அடுத்த ஜனவரியில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் கிம் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். ஆண்டுக்கணக்காக சோவியத்துக்கு வேலை பார்த்தவர். சாம்ராஜ்யமும் போய், சொந்த உளவாளியே காலை வாரிவிட்ட நேரத்தில், தோற்காத ஒரு உளவாளியைத் திரையில் பார்க்க அந்த நாட்டுக்கு ஆசை. அந்த ஆசையை இந்தப் படங்கள் வெட்கமில்லாமல் தீர்த்துவைத்தன. பெண்களை நடத்திய விதம் இன்னும் மோசம். இதே படத்தில், நாடோடிகள் முகாமில் இரண்டு பெண்களைச் சண்டையிட விட்டு ஆண்கள் வேடிக்கை பார்க்கும் காட்சி இருக்கிறது. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் உங்கள் கோபம் வேறு யாருக்கோ போக வேண்டியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாயகன் ஸ்லோ மோஷனில் நடப்பதையே ஸ்டைல் என்று நினைக்கிற படங்கள் இன்று வாராவாரம் வருகின்றன. இசை காதைக் கிழிக்கிறது, எவன் எவனை அடிக்கிறான் என்றே புரிவதில்லை, பையிலிருந்து வரும் ஆயுதம் அந்த நிமிடத்தில்தான் நமக்கும் தெரியவருகிறது. பகட்டு என்று அவற்றைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பெட்டியின் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்கு முன்னாடியே சொல்லிக்கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதை ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று சோதிக்கிற படத்தை நான் புகழ்ந்துகொண்டேதான் இருப்பேன்.