கம்ப்யூட்டருக்கு எழுதும் ப்ரோகிராமை (கோட்) 'ட்ரேஸ்' செய்வது என்றால் என்ன? ஓட்டிப் பார்த்தால் போதாதா?

கம்ப்யூட்டர் செய்வதை நீங்களே பேப்பரில் வரி வரியாகச் செய்து, ஒவ்வொரு வேரியபிளின் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) மதிப்பையும் எழுதிக்கொண்டே போவதுதான் ட்ரேஸ் செய்வது. மளிகைக் கடை பற்று நோட்டில் வரிக்கு வரி பாக்கியை எழுதுவது மாதிரி.

ஓட்டிப் பார்த்தால் விடை மட்டும்தான் தெரியும், அது எப்படி வந்தது என்று தெரியாது. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எழுதியதை மட்டுமே செய்யும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் பெரும்பாலான தவறுகள் ஒளிந்திருக்கும்.

பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழியில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'மொத்தம்' 0-இல் தொடங்குகிறது. ரேஞ்ச்(1, 6) என்று ஒரு ஃபார் லூப், அதாவது எண்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. உள்ளே ஓர் இஃப் நிபந்தனை: எண் இரட்டைப்படை என்றால் மொத்தத்தோடு கூட்டு. விடை என்ன? பலர் 12 என்பார்கள், 2, 4, 6 மூன்றையும் கூட்டி. பேப்பரில் இரண்டு பத்தி போடுங்கள்:

எண் 1, மொத்தம் 0
எண் 2, மொத்தம் 2
எண் 3, மொத்தம் 2
எண் 4, மொத்தம் 6
எண் 5, மொத்தம் 6

அவ்வளவுதான். ரேஞ்சில் இரண்டாவது எண் சேராது, அதனால் 5-உடன் நின்றுவிடும், 6 வரவே வராது. விடை 6.

தொடக்கத்தில் தினம் இப்படி ஒரு சின்ன ப்ரோகிராமையாவது கையால் ட்ரேஸ் செய்யுங்கள். விடையை முதலில் எழுதிவிட்டு, பிறகு ஓட்டுங்கள். இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

இஃப் நிபந்தனை பொய்யானால் லூப்பே நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது, அந்தச் சுற்றில் கூட்டல் மட்டும் நடக்காமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடும்.