கடலடியில் ஏர் ஓட்ட ஆசைப்படும் மகள்

அன்புள்ள அம்மா,

“கடலுக்கு அடியில் குழாய் புதைக்கும் வேலைக்குப் போவேன் என்கிறாள், உயிருக்கு என்ன உத்தரவாதம்?” என்று கேட்டிருந்தீர்கள். கீழே இறங்குவது கலப்பைதான். அதை இயக்குபவர்கள் கப்பலில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

நிஜமாகவே அது கலப்பைதான். எரிவாயுக் குழாயைக் கடல்தரையில் கிடத்திய பிறகு, நூறு டன்னைத் தாண்டும் எஃகுக் கலப்பையைக் கப்பல் வடம் கட்டி இழுக்கும். அதன் பிடிகள் குழாயைத் தூக்கி உருளைகள்மேல் தாங்கிக்கொள்ள, அடியில் கலப்பையின் கொழு (கூரிய வெட்டுமுனை), மண்ணைப் பிளந்து சால் போடும். பின்னாலேயே குழாய் சாலுக்குள் இறங்கும். இழுவலையும் நங்கூரமும் குழாயில் மாட்டக் கூடாது; சூட்டில் நீளும் குழாய் மேல்நோக்கி வளைந்து கிளம்பவும் கூடாது. அதற்காகத்தான் புதைக்கிறார்கள். ஆழம் குறைந்த கடலில் தகவல் கேபிள்களையும் இப்படி உழுது புதைப்பதுண்டு.

மெரினாவில் ஈரமணலில் காலை ஊன்றினால், பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்து, காய்ந்ததுபோல் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தியதும் இறுகிய மணல் விரிந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடலடியில் இறுகிய நுண்மணலில் கலப்பையை வேகமாக இழுத்தாலும் இதுவே நடக்கிறது: மணல் கொழுவைக் கவ்வும், வடத்தில் இழுவிசை ஏறும். களிமண்ணின் குணம் வேறு. ஆகவே அவள் முதலில் கற்க வேண்டியது மண்ணை.

சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. இளநிலைப் படிப்புக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். கிண்டி பொறியியல் கல்லூரியிலோ வேறு நல்ல கல்லூரியிலோ சிவில் எடுத்து, கேட் தேர்வு எழுதி, முதுநிலையில் மண்ணியக்கவியலோ கடல்சார் பொறியியலோ படிக்கலாம். என்னைக் கேட்டால் சிவில் வழியே பாதுகாப்பானது. எண்ணெய் விலை சரிந்தால் இந்தத் துறையில் வேலைகள் சுருங்கிவிடும். மண் தெரிந்தவளுக்குத் துறைமுகம், மெட்ரோ, பாலம் என்று வேறு கதவுகள் இருக்கும். வாரக்கணக்கில் கப்பலில் இருக்க நேரும் என்பதை மட்டும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

“பணம் கட்டுங்கள், கப்பலில் வேலை வாங்கித் தருகிறோம்” என்று யாராவது வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கப்பல் பணியாளர்களை அமர்த்தும் முகவருக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். வேலைக்காக ஆளிடம் பணம் வாங்க அவருக்கு அனுமதியே இல்லை.

சனிக்கிழமை அவளையும் அழைத்து வாருங்கள். அவளுடைய இயற்பியல் நோட்டை நான் பார்க்க வேண்டும்.