வாசலில் கொட்டும் புங்கம்பூ – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்கள் தெருவில் புங்க மரங்கள் பூத்துக் கொட்டுகின்றன. காலையில் கதவைத் திறந்தால் வாசலே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடக்கிறது. பெருக்க மனம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரோ குப்பை என்கிறார், கிளையை வெட்டச் சொல்கிறார். இன்னும் ஓரிரு வாரத்தில் தீர்ந்துவிடுமே என்ற தவிப்பு வேறு. அதனாலேயே நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

நான் பெருக்கிவிடுவேன். காபி குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு, அப்புறம் துடைப்பத்தை எடுக்கலாம். நாளைக்கு மறுபடி கொட்டியிருக்கும். பழுப்பேறி மிதிபட்ட நேற்றைய பூவின் மேல் விழுவதைவிட, பெருக்கித் தண்ணீர் தெளித்த மண்ணில் விழுந்தால்தான் புதுப்பூவுக்கு அழகு. குறுந்தொகை 53ஆம் பாட்டில், முற்றத்து வெண்மணலில் உதிர்ந்த புங்கம்பூ, முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டுக் களத்தில் சிதறிய நெற்பொரி போலக் கிடக்கிறது. பொரி பொரியாகத் தெரிய வேண்டுமென்றால் மணல் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். முதல் நாள் யாரோ பெருக்கியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

தீர்ந்துவிடும் என்பது சரிதான். ஆனால் கீழே மட்டும் பார்க்காமல் கொஞ்சம் அண்ணாந்தும் பாருங்கள். இலையை உதிர்த்துவிட்டுச் சில நாளிலேயே பளபளவென்று தளிர்த்து, கூடவே பூங்கொத்தும் விடுகிற மரம் இது. தேனீக்களை இழுக்கத்தான் இத்தனை பூ. அதில் பெரும்பகுதி காய்க்காமலே உதிரும். காயாகிற சொற்பமும் முற்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். அதனால்தான் புதுப்பூவுக்கு நடுவிலேயே போன வருடத்துக் காய்ந்த காய்களும் தொங்குகின்றன. ஒரே கிளையில் இரண்டு வருடம்! எனக்குப் பூவைவிட இதைப் பார்க்கத்தான் அதிகம் பிடிக்கும்.

அதோடு, புங்கம் ஓய்ந்தால் தெருவே ஓய்ந்துவிடுவதில்லை. வேம்பு பூத்திருக்கும், சாயங்காலம் அதன் அடியில் நடந்து பாருங்கள், பகலைவிட வாசனை தூக்கலாக இருக்கும். மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் விழுந்த பூவை அள்ளி, முறத்தில் புடைத்து, நன்றாகக் காயவைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் வறுக்கும்போது மட்டும் கருகவிடாதீர்கள். வேம்புக்கு அடுத்துச் சரக்கொன்றை. அதற்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம், தூரத்திலிருந்தே கூப்பிடும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறேன். பெருக்கிய பூவைக் குப்பை வண்டியில் போடாமல் உங்கள் செடிகளின் அடியில் போடுங்கள், மட்கிவிடும். புங்கந்தழையை வயலில் போட்டு மிதித்து உரமாக்குவது நம் ஊர்ப் பழக்கம்தானே. கிளை விஷயத்தில் அவரோடு சண்டை வேண்டாம். கொஞ்ச நாள் கழித்துப் பேசலாம் என்று தள்ளிப்போடுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அவர் தன் வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.