கேட்கும் காதும் தண்டிக்கும் கையும் ஒருவரிடமே இருக்கலாமா?

கேள்வி: கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதல்வராகப் பொறுப்பேற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. விடுதியும் உண்டு. மாணவர் நலனுக்காக ஆலோசகரை நியமித்து, என் அறைக்கு அடுத்த அறையையே வசதியாக அவருக்கு ஒதுக்கினேன். மாதந்தோறும் ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம்), ஆண்டுத் தியானம் எல்லாம் முறையாக நடக்கின்றன. எங்கள் ஆன்ம குரு பிள்ளைகள் மீது மிகுந்த பாசமுள்ளவர். விடுதிப் பொறுப்பும் ஒழுங்குக் குழுத் தலைமையும் அவரிடமே. இருந்தும், பதினைந்து வயது விடுதி மாணவன் ஒருவன் பல மாதங்களாகத் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தது, அவனுடைய நண்பனின் தாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. இப்போது மருத்துவரின் கவனிப்பில் இருக்கிறான். அடுத்த வாரம் பள்ளிக்குத் திரும்புகிறான். எங்கே கோட்டை விட்டோம்?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘வசதியாக’ என்ற சொல்லைப் படித்ததும் நின்றுவிட்டேன். யாருக்கு வசதி? முதல்வர் அறை வாசலில் பெரும்பாலும் யார் நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாமதமாக வந்தவர்கள், சண்டை போட்டவர்கள், பெற்றோரை அழைத்துவரச் சொல்லப்பட்டவர்கள். அந்த வரிசையைக் கடந்துபோய் ஆலோசகரின் கதவைத் தட்ட எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? அறையை நாளையே மாற்றுங்கள். நூலகத்துக்குப் பக்கத்தில், யாரும் எதற்கும் போய்வரக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

இது எளிய வேலை. கடினமானது அடுத்தது, ஆன்ம குருவைப் பற்றியது. அவருடைய பாசத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மாணவனின் இடத்திலிருந்து பாருங்கள். காலையில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர், இரவில் விடுதியில் விளக்கை அணைக்கச் சொல்பவர், தவறு செய்தால் விசாரித்து வீட்டுக்கு அனுப்பும் குழுவின் தலைவர், மூவரும் ஒரே ஆள். ‘நான் சொன்னதை இவர் எந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்?’ என்ற கணக்கைப் போடாத பதினைந்து வயதுப் பிள்ளை கிடையாது.

திருச்சபைக்கு இது நன்றாகத் தெரியும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 985ஆம் விதி, குருமடமோ (குருத்துவப் பயிற்சி இல்லம்) பிற கல்வி நிறுவனமோ, அதன் அதிபர் தம்மோடு அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக்கூடாது என்கிறது. குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில் மாணவரே தாமாக விரும்பிக் கேட்டால் மட்டும் விலக்கு. அதற்கு முந்தைய விதி, அதிகாரத்தில் இருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வெளி நிர்வாகத்துக்கு எவ்விதத்திலும் பயன்படுத்தக்கூடாது என்று தடுக்கிறது. உங்கள் ஆன்ம குரு ‘அதிபர்’ என்ற சொல்லுக்குள் அடங்குவாரா என்று சட்டம் படித்தவர்கள் வாதாடலாம். வாதத்தில் நீங்கள் வென்றாலும் பிள்ளை வாய் திறக்கப்போவதில்லை.

‘சலேசிய சபையை நிறுவிய புனித தொன் போஸ்கோவே தம் பிள்ளைகளுக்கு அதிபராகவும் ஆன்ம குருவாகவும் இருந்தாரே’ என்று உங்கள் ஆசிரியர்களில் யாராவது நிச்சயம் கேட்பார். உண்மைதான், இருந்தார். அவர் 1888இல் இறந்தார். 1901இல் ரோமாபுரியிலிருந்து வந்த ஆணை, சலேசிய இல்லங்களின் அதிபர்கள் தங்கள் பொறுப்பிலுள்ளவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதைத் தடைசெய்தது. நிறுவனர் நடந்த வழியையே மாற்றச் சொன்ன ஆணை அது. அவருக்குப் பின் சபைத் தலைவராக இருந்த மிக்கேல் ருவா மனம் வருந்தினாலும் கீழ்ப்படிந்தார். ஒரு புனிதரால் இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடிந்தது என்பதற்காக, அதையே எல்லா இல்லங்களுக்கும் முறையாக வைத்துவிட முடியாது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே ஒழுங்குக் குழுத் தலைமையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். விடுதிப் பொறுப்பையும் வேறொருவருக்கு மாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், ஒப்புரவுக்கு வெளியிலிருந்து வேறொரு குருவானவரை அழையுங்கள். தம் மதிப்பு குறைந்துவிட்டதாக அவர் எண்ணி வருந்தாதபடி முதலில் அவரிடம் தனியே பேசுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான குருக்கள் இந்தச் சுமை இறங்கியதும் நிம்மதிப் பெருமூச்சுதான் விடுகிறார்கள்.

இன்னொன்று. ஒப்புரவு அருட்சாதனத்தை மாணவர் நலத் திட்டங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அது பிள்ளையின் ஆன்மாவுக்கு நன்மை தரலாம்; உங்களுக்கு எச்சரிக்கை மணியாக ஒருபோதும் இருக்க முடியாது. அந்த மணிக்கு நாக்கு கிடையாது. 983ஆம் விதிப்படி பாவசங்கீர்த்தன முத்திரை, அதாவது அதில் கேட்டதை வெளியிடாத கடமை, மீற முடியாதது, உயிருக்கே ஆபத்து என்றாலும் கூட. குருவானவரால் செய்யக்கூடியது, ‘இதை வெளியே வந்து என்னிடமோ வேறொருவரிடமோ மறுபடி சொல்வாயா?’ என்று அந்தப் பிள்ளையையே வேண்டுவது மட்டும்தான். ஆலோசகரின் இரகசியம் காக்கும் கடமை வேறு வகை. அதற்கு எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, யாரேனும் துன்புறுத்தினாலோ, தெரியவேண்டியவர்களுக்குச் சொல்லப்படும், ஆனால் உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் என்பதை ஆண்டின் முதல் வாரத்திலேயே எல்லா வகுப்பிலும் விளக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் இதுவே பொருந்தும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன், என்னிடம் மட்டும் சொல்’ என்று வாக்குக் கொடுப்பவர் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார். பிறகு அந்த வாக்கை முறிக்க நேரும்போது, பிள்ளைக்கு எல்லாப் பெரியவர்கள் மீதும் நம்பிக்கை போய்விடுகிறது.

மறைக்கல்வி வகுப்பையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தற்கொலை பெரும் பாவம் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறதா? 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அதன் 2282, 2283 ஆகிய எண்களில், கடுமையான மனக்கோளாறும் வேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவ்வாறு இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் சொல்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. பாதியை மட்டும் கேட்ட பிள்ளை, தன் மனத்தில் ஓடுவதை வெளியே சொல்வதே பாவம் என்று நினைத்து மூடிவைக்கும். தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்கள் எல்லோரும் சாக விரும்புபவர்கள் அல்லர். ஆனால் ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று அமைதியாக, நேராகக் கேட்பதில் தவறில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆம்’ என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

நேர அட்டவணையையும் பாருங்கள். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் விடுதியில் இரவுப் படிப்புக்கும் காலைத் திருப்பலிக்கும் இடையே எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது? ஆலோசகரால் இதைச் சரிசெய்ய முடியாது. மணி அடிக்கும் நேரத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்துவது அந்த நண்பன். அவனுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அம்மாவிடம் சொல்ல முடிந்தது. பள்ளியில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொரு வகுப்பின் பெயர்ப் பட்டியலையும் மேசையில் பரப்புங்கள். மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது தெரிந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஆசிரியர்கள் ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளியே விழாத பெயர்கள் இருக்கும். அவற்றை ஆசிரியர்களுக்குள் பிரித்துக் கொடுத்து, இடைவேளையில் ஓரிரு வார்த்தை பேசத் தொடங்கச் சொல்லுங்கள். 1884இல் ரோமாபுரியிலிருந்து எழுதிய கடிதத்தில், விளையாட்டு நேரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளை விட்டு விலகிப் போய்விட்டதைத்தான் தொன் போஸ்கோ நொந்துகொண்டார். பிள்ளைகளை நேசித்தால் போதாது, நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்றார். நீங்களும் இடைவேளையில் அறைக்கு வெளியே நில்லுங்கள், கையில் கோப்பு இல்லாமல்.

அந்த மாணவன் திரும்பும்போது காலை வழிபாட்டில் அவன் பெயரைச் சொல்லிச் செபிக்க வேண்டாம். பெயரில்லாமல் ‘நம் சகோதரர் ஒருவருக்காக’ என்றாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மருத்துவர், பெற்றோர், ஆலோசகர் ஆகியோருடன் முன்கூட்டியே பேசி, முதல் சில வாரங்களுக்கான ஏற்பாட்டை எழுதிவையுங்கள். நண்பனைத் தனியே அழைத்து, அவன் செய்தது காட்டிக்கொடுத்தல் இல்லை என்று சொல்லுங்கள். பிறகு அந்த மாணவனிடமே கேளுங்கள்: மனம் கனக்கும்போது இந்தப் பள்ளியில் யாரிடம் போக விரும்புகிறாய்? அவன் ஆலோசகரைச் சொல்லாமல் நூலகரையோ வாயிற்காவலரையோ சொன்னால், மறுக்காமல் அன்று மாலையே அவரை அழைத்து, எதைக் கேட்க வேண்டும், எப்போது ஆலோசகரிடம் வர வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுங்கள்.