மாறிலிப் பெருக்கலை எந்தக் கட்டத்தில் உடைப்பது?

கேள்வி: எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி 64-பிட் சிப்) கணினிகளுக்காகச் சிறிய கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) ஒன்று எழுதுகிறேன். மாறிலியால் பெருக்கும் இடங்களை இடைநிலைக் குறியீட்டிலேயே (மூல நிரலுக்கும் இயந்திரக் கட்டளைக்கும் நடுவிலுள்ள வடிவம்) ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்துதல்), கூட்டல் எனப் பிரித்துவிடுகிறேன். ஆனால் சில ஃபங்ஷன்கள் முன்பைவிட மெதுவாக ஓடுகின்றன. இதை எப்போது செய்வது சரி?

பதில்: நீங்கள் அவசரப்பட்டுப் பிரிக்கிறீர்கள். ஒரு முடிவுக்குத் தேவையான தகவல் எந்தக் கட்டத்தில் கிடைக்கிறதோ, அங்கேதான் அதை எடுக்க வேண்டும். அதுவரை பெருக்கல் பெருக்கலாகவே இருக்கட்டும்.

முழுதாக இருப்பதால் லாபம் உண்டு. ஒரு மதிப்பை 6-ஆல் பெருக்கி, விடையை மறுபடி 5-ஆல் பெருக்கினால், கம்பைலர் அதை 30-ஆல் ஒரே பெருக்கலாகச் சுருக்கிவிடும். லூப் எண்ணியை 12-ஆல் பெருக்கும் இடத்தில், சுற்றுக்கு 12 கூட்டினால் போதும் என்று கண்டுகொள்ளும். ஷிஃப்டும் கூட்டலுமாகச் சிதறிவிட்டால் இரண்டையும் அடையாளம் காண்பது கடினம்.

மெதுவானதற்குக் காரணம் பெரும்பாலும் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்புகளை வைக்கும் சிறு இடம்) நெருக்கடியாக இருக்கும். பிரிக்கும்போது மூல மதிப்பும் இடைவிடையும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். பொது ரெஜிஸ்டர்கள் 16தான். அதிலும் ஒன்று ஸ்டேக்குக்குப் போய்விடும். இன்றைய சிப்களில் முழுஎண் பெருக்கலுக்குப் பொதுவாக 3 கடிகாரச் சைக்கிள்தான் ஆகிறது. அதைத் தவிர்க்கப் போய் ஒரு மதிப்பை ஸ்பில் செய்து (நினைவகத்துக்குத் தள்ளி) திரும்ப எடுத்தால், பெரும்பாலும் நஷ்டம்தான்.

ஆகவே இன்ஸ்ட்ரக்ஷன் செலக்ஷனில், அதாவது இயந்திரக் கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில், முடிவெடுங்கள். 9-ஆல் பெருக்க முகவரி கணக்கிடும் ‘லீ’ (LEA) கட்டளை ஒன்றே போதும், 10-க்கு ஒரு ‘லீ’யும் ஒரு கூட்டலும். ‘லீ’ ஃபிளாக்குகளை (கணக்கின் விளைவைக் குறித்து வைக்கும் பிட்டுகள்) தொடுவதுமில்லை. மூன்று நான்கு கட்டளைகள் சங்கிலியாகத் தேவைப்படும் மாறிலி என்றால் பெருக்கலையே விட்டுவிடுங்கள். ரெஜிஸ்டர் அலோகேஷனுக்குப் (மதிப்புகளுக்கு ரெஜிஸ்டர் ஒதுக்கும் கட்டம்) பிறகு தள்ளிப்போடவும் கூடாது. அப்போது தற்காலிக ரெஜிஸ்டர் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சில முடிவுகள் இதைவிடவும் தாமதமாக வேண்டும். ரெஜிஸ்டரில் பூஜ்யம் வைக்க ‘எக்ஸார்’ (XOR) கட்டளை 2 பைட், ‘மூவ்’ (MOV) கட்டளை 5 பைட். ஆனால் ‘எக்ஸார்’ ஃபிளாக்குகளை அழித்துவிடும். ஒப்பீட்டுக்கும் அதை நம்பியிருக்கும் ஜம்ப்புக்கும் நடுவே அது வந்து விழுமா என்பது ஷெட்யூலிங் (கட்டளைகளை வரிசைப்படுத்தல்) முடிந்த பிறகே தெரியும். அதுவரை “இங்கே பூஜ்யம்” என்ற போலிக் கட்டளையாக வைத்திருங்கள். குறுகிய ஜம்ப்பை (தூரத்தை ஒரே பைட்டில் சொல்லும் தாவல்) முடிவு செய்யும் இடம் கடைசிக் கட்டம். எல்லாவற்றையும் குறுகியதாகத் தொடங்கி, −128 முதல் 127 பைட் வரையான எல்லைக்குள் அடங்காததை மட்டும் நீட்டுங்கள். ஒருமுறை நீட்டியதை மறுபடி சுருக்காதீர்கள். அப்போதுதான் இந்தச் சரிபார்ப்புச் சுழற்சி முடிவுக்கு வரும்.

பிராஞ்சா (நிபந்தனைப்படி தாவுவது), நிபந்தனை மூவா (தாவாமல் இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்வது) என்பதுதான் உண்மையிலேயே சிரமமானது. நிபந்தனை மூவ் இரண்டு மதிப்புகளுக்கும் காத்திருக்கும். சரியாகக் கணிக்கப்பட்ட பிராஞ்ச் காத்திருக்காது. எல்எல்விஎம் (LLVM) என்ற கம்பைலர் தொகுப்பு கூட முதலில் தேர்ந்த நிபந்தனை மூவ்களை, லூப்புகளில் லாபமில்லை எனக் கண்டால், ரெஜிஸ்டர் அலோகேஷனுக்கு முன் பிராஞ்சாகத் திருப்பிவிடுகிறது. திரும்பிப் போகும் வழியை நீங்களும் திறந்து வையுங்கள்.

முதல் வேலையாக, மெதுவான அந்த ஃபங்ஷன்களில் பிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்பில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது லூப்புக்குள் நீளும் சார்புச் சங்கிலி (ஒன்றின் விடைக்கு அடுத்தது காத்திருக்கும் கட்டளை வரிசை).